‘அலவ்’ அமுக்கும் முன் அம்மாவை நினை!

போன செமஸ்டர்ல ஒரு நாள். அம்மாவுக்கு போன் அடிக்கிறேன், ரிங் போகுது, எடுக்கலை. காலையில அடிச்சேன், மத்தியானம் அடிச்சேன்... ம்ஹூம்! சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா நம்பருக்கு அடிச்சு, “அம்மாகிட்ட கொஞ்சம் குடுங்கக்கா”ன்னு கெஞ்சினேன். லைன்ல வந்த அம்மா குரலே சரியில்லை.

“போனை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கேன்யா. யார் யாரோ கூப்பிட்டுக் கண்டபடி பேசுறாங்க. நீ எதுவும் கடன் கிடன் வாங்கினியா?”

நான் வாங்கலை பாஸ்! வாங்கினது என் ரூம்மேட். அரியர் ஃபீஸ் கட்ட அவனுக்கு 3,000 ரூபாய் தேவைப்பட்டிருக்கு. வீட்ல கேட்கப் பயம், எங்ககிட்ட கேட்க வெட்கம். எவனோ வாட்ஸ்அப்ல அனுப்பின லிங்க்கைத் தட்டி ஒரு லோன் ஆப்பை இறக்கிட்டான். கைக்கு வந்தது 1,900. ஏழாவது நாள் திருப்பிக் கேட்டது 3,000. பயபுள்ளை ரெண்டு நாள் லேட் பண்ணிட்டான். அவ்வளவுதான்... அவன் போன்ல இருந்த 412 நம்பருக்கும் மெசேஜும் போனுமா பறந்துடுச்சு. ப்ராஜெக்ட் கைடு, மெஸ் அண்ணன், ஊர்ல அவன் அக்காவைப் பொண்ணு பார்த்துட்டுப் போன வீட்டுக்காரங்க, ‘எமர்ஜென்சிக்கு இருக்கட்டும்டா’ன்னு நான் குடுத்து வெச்சிருந்த என் அம்மா நம்பர்... எல்லாருக்கும், ‘இவருக்கு நீங்கதான் ஜாமீன்’னு!

என் அம்மா வெச்சிருக்கிறது பட்டன் போன். அவங்க எந்த ஆப்பையும் இறக்கலை, எதுக்கும் ‘அலவ்’ குடுக்கலை. ஆனா திட்டு வாங்கினது அவங்க. எனக்கு உறைச்சது அந்த இடத்துலதான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. என் போனை எடுத்து செட்டிங்ஸுக்குள்ள போய்க் கணக்குப் பார்த்தேன். என் காண்டாக்ட்ஸைப் படிக்க அனுமதி வாங்கி வெச்சிருந்த ஆப் மொத்தம் 23! அதுல ஒண்ணு டார்ச் லைட். இருட்டுல வெளிச்சம் அடிக்கிறதுக்கு எங்க மாமா நம்பர் எதுக்குடா உனக்கு?

மெஸ் சாம்பார் தத்துவம்

அந்தக் கோபத்துல எடுத்த முடிவுதான், ‘உளவு பார்க்காத போன் ஒண்ணை நானே செட் பண்றேன்’. தேடித் தேடிப் படிச்சதுல கொஞ்சம் கதிகலங்கிடுச்சு. 2018-ல அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஷ்மிட் ஒரு ஆய்வு வெளியிட்டார். யாரும் தொடாம, ஒரே இடத்துல சும்மா கிடந்த ஆண்ட்ராய்டு போன், பின்னணியில குரோம் மட்டும் ஓடிக்கிட்டிருந்த நிலையில, 24 மணி நேரத்துல 340 தடவை இருப்பிடத் தகவலை கூகுளுக்கு அனுப்பிச்சிருக்கு. கும்பகர்ணன் மாதிரி தூங்குற போனே இப்படின்னா, நாம நாள் பூரா நோண்டுற போன்? 2022 நவம்பர்ல, இருப்பிடத்தைக் கண்காணிச்ச விவகாரத்துக்காக அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் குடுத்து செட்டில் பண்ணுச்சு கூகுள்.

சரி, வழி என்ன? ஓப்பன் சோர்ஸ்!

ஃபர்ஸ்ட் இயர் தம்பிகளுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்ம மெஸ் சாம்பார் இருக்கே, அது குளோஸ்டு சோர்ஸ். உள்ளே என்ன போடுறாங்கன்னு கடவுளுக்கும் மாஸ்டருக்கும்தான் தெரியும். ஓப்பன் சோர்ஸ்னா கதவே இல்லாத சமையல்கட்டு. யார் வேணா எட்டிப் பார்க்கலாம், குறிப்பு எழுதிக்கலாம், உப்பு அதிகம்னா திருத்தித் தரலாம். அதுக்காகத் திறந்து வெச்சிருந்தாலே சுத்தம்னு அர்த்தம் இல்லை. உட்கார்ந்து பார்க்கிறதுக்கு ஆள் வேணும். 2024 மார்ச்ல எக்ஸ்இஸட்ங்கிற லினக்ஸ் மென்பொருளுக்குள்ள யாரோ திருட்டுக் கதவு வெச்சிருந்தாங்க. அதைக் கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினீயர். ‘லாக்-இன் ஆக அரை செகண்ட் அதிகமா எடுக்குதே!’ங்கிற ஒரே சந்தேகம்தான் ஆரம்பம். லேப்ல அரை மணி நேரம் ஹேங் ஆனாலே நாம கண்டுக்கிறதில்லை!

ஆண்ட்ராய்டின் அடிப்படைக் கோடும் ஓப்பன் சோர்ஸ்தான். அதை எடுத்து, கூகுள் சேவைகளைக் கழட்டி, பூட்டு மேல பூட்டு போட்டுத் தர்ற இயங்குதளம்தான் க்ராஃபீன்ஓஎஸ். இதுல ஒரு செம காமெடி... நான் தேடினப்போ இது ஓடுற போன்னா கூகுளோட பிக்சல்தான்! கூகுள்கிட்டேருந்து தப்பிக்க கூகுள் போனையே வாங்கணும். வேற இயங்குதளம் போட்ட பிறகும் பூட்லோடரை ஒழுங்கா பூட்ட விடுறது, உள்ளே தனி பாதுகாப்பு சிப் இருக்கிறது... இதெல்லாம்தான் காரணம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

மூணு மாசம் ப்ளஸ் டூ பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்த காசோட சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இறங்கினேன். டார்கெட்: செகண்ட் ஹேண்ட் பிக்சல் 7. அதுக்கு 2027 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. காசு இருக்கிறவங்க பிக்சல் 8, அதுக்கு மேல பாருங்க. அதுல எல்லாம் 7 வருஷம் அப்டேட்.

முதல் கடையில போனைக் கையில வாங்கினதும், ‘பில்ட் நம்பர்’ மேல ஏழு தடவை தட்டினேன். அப்படித் தட்டினாத்தான் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். உள்ளே ‘ஓஇஎம் அன்லாக்கிங்’னு ஒரு ஸ்விட்ச். அது மங்கிப்போய், அசையவே மாட்டேங்குது. நெட் குடுத்தும் பார்த்தாச்சு, அசையலை. அமெரிக்காவுல ஏதோ ஒரு நெட்வொர்க்காரன் தன் சிம்மோட கட்டி வித்த போன் அது. இந்த ரகத்துல சிலதை உலகத்துல எவனாலயும் அன்லாக் பண்ண முடியாது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “தம்பி... நீ போன் வாங்க வந்தியா, கழட்டிப் பார்க்க வந்தியா?”ன்னார். தேங்க்ஸ் சொல்லிட்டு எஸ்கேப்! நாலாவது கடையிலதான் ஸ்விட்ச் அசைஞ்சது. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்களே, காசை நீட்டுறதுக்கு முன்னாடி அந்த ஏழு தட்டை மறந்துடாதீங்க.

இன்ஸ்டால் பண்றது நான் பயந்த அளவுக்கு இல்லை. லேப்டாப்ல குரோம் வகை பிரவுசர் ஒண்ணு, நல்ல யுஎஸ்பி கேபிள் ஒண்ணு போதும். அவங்க தளத்துல இருக்கிற பட்டன்களை வரிசையா அமுக்கினா, பிரவுசரே போனோட பேசி வேலையை முடிச்சிடுது. கமாண்ட் எதுவும் அடிக்க வேணாம். நான் கோட்டை விட்டது கேபிள்ல. பக்கத்து ரூம்ல கடன் வாங்கின கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது. அது தெரியாம ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ரெண்டு விஷயம். பூட்லோடரைத் திறக்கும்போது போன்ல இருக்கிறது மொத்தமா அழியும், திரும்பப் பூட்டும்போது இன்னொரு தடவை அழியும். அதனால பேக்-அப் எடுக்காம கை வைக்காதீங்க. முடிச்சதும் கண்டிப்பா பூட்லோடரைப் பூட்டிடுங்க. பூட்டாம விட்டா, வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கித் திண்ணையில வெச்ச கதைதான்.

போன் ஆன் ஆச்சு. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபம் மாதிரி இருக்கு உள்ளே! போன், மெசேஜ், கேமரா, பிரவுசர், கால்குலேட்டர்னு விரல் விட்டு எண்ணக்கூடிய ஐட்டங்கள். விளம்பரம் இல்லை, ‘உங்களுக்காக’ன்னு எதுவும் வந்து குதிக்கலை. அஞ்சு நிமிஷம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் போரடிச்சது!

காலி மண்டபத்துக்குப் பந்தி

முதல்ல எஃப்-ட்ராய்டு. 2010-லேருந்து இருக்கிற, ஓப்பன் சோர்ஸ் ஆப் மட்டுமே கிடைக்கிற கடை. விளம்பரமோ கண்காணிப்போ இருந்தா, ‘இதுல இந்தக் கோளாறு இருக்கு’ன்னு கடைக்காரனே எழுதி ஒட்டியிருப்பான்.

பாட்டு, படத்துக்கு விஎல்சி. அதோட ஃபிளாஷ்பேக் நம்ம ஏரியா பாஸ்! 1996-ல பாரீஸ்ல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் பசங்க, கேம்பஸ் நெட்வொர்க் வழியா வீடியோ அனுப்புறதுக்காக ஆரம்பிச்ச ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் அது. 2001-ல ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் டிபார்ட்மென்ட் அலமாரியில தூசி தின்னுது!

யூடியூபுக்கு நியூபைப். அக்கவுன்ட் வேணாம். என்ன, யூடியூப்காரங்க ஏதாவது மாத்தினா சில நாள் படுத்துக்கும். அப்டேட் வர்ற வரைக்கும் புக்கைத் திறந்து படிக்கலாம். ஓடிபி கோடுகளுக்கு ஏஜிஸ், பாஸ்வேர்டுகளுக்கு கீபாஸ்டிஎக்ஸ். கீபோர்டுக்கு ஹீலிபோர்டு. தமிழ் விசை இருக்கு, நெட் அனுமதியே கேட்காது. நாம அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டு வழியாத்தானே போகுது, யோசிச்சுப் பாருங்க! ஆனா இங்கிலீஷ்ல ‘அம்மா’ன்னு அடிச்சா தமிழா மாறுற சொகுசு இதுல இல்லை. தமிழ் விசையில தடவித் தடவிப் பழகினேன். ரெண்டு வாரத்துல கை பழகிடுச்சு.

மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ். 2004-ல ஆரம்பிச்ச ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ங்கிற, ஊர் கூடி வரையிற வரைபடம்தான் இதுக்கு அடிப்படை. ஒரு தடவை இறக்கினா நெட் இல்லாமலே வழி காட்டும். ட்ராஃபிக் ஜாமைக் காட்டாது. எங்க ஹாஸ்டல் பின்பக்க டீக்கடை அதுல இல்லை. நானே சேர்த்துவிட்டேன். டீக்கடை அண்ணன்கிட்ட காட்டினதும் ஒரு பஜ்ஜி ஃப்ரீ!

சிக்னல் இல்லாம இந்த விருந்து முடியுமா? 2016-ல அமெரிக்க கோர்ட் ஒண்ணு ரெண்டு நம்பரோட விவரம் கேட்டப்போ, சிக்னல்காரங்களால தர முடிஞ்சது ரெண்டே ரெண்டு தேதி: அக்கவுன்ட் ஆரம்பிச்சது எப்போ, கடைசியா கனெக்ட் ஆனது எப்போ. குடுக்கிறதுக்கு வேற எதுவும் அவங்ககிட்ட இல்லை. வாட்ஸ்அப் மெசேஜும் பூட்டித்தான் போகுது. 2016-லேருந்து சிக்னலோட பூட்டு முறையையேதான் அவங்களும் பயன்படுத்துறாங்க. ஆனா யார் யாரோட, எப்போ பேசினாங்கங்கிற குறிப்பு இருக்கே, அது வேற கதை. சந்தோஷமா கிளாஸ்ல 62 பேருக்கும் ‘சிக்னலுக்கு வாங்க’ன்னு சொன்னேன். வந்தது 4 பேர். அதுல ஒருத்தன் நான் திட்டுவேன்னு பயந்து வந்தவன்.

அதனால வாட்ஸ்அப்பை விட முடியலை. இன்டர்னல் மார்க், பஸ் டைமிங், ‘நாளைக்கு லேப் இருக்கா?’ எல்லாமே கிளாஸ் குரூப்லதான். இங்கேதான் க்ராஃபீன்ஓஎஸ் எனக்கு ஹீரோ ஆச்சு. ஒரே போனுக்குள்ள ரெண்டாவது ப்ரொஃபைல் போடலாம், ரெண்டு ரூம் மாதிரி. அந்த ரூம்ல கூகுள் பிளேயை சாதாரண ஆப் மாதிரி, ஸ்பெஷல் அதிகாரம் எதுவும் இல்லாம உட்கார வெச்சேன். அதோட வாட்ஸ்அப். ‘காண்டாக்ட் ஸ்கோப்ஸ்’னு ஒரு வசதி இருக்கு பாருங்க... ஆப் காண்டாக்ட்ஸ் கேட்கும். ‘குடுத்தாச்சு’ன்னு அதை நம்ப வெச்சுட்டு, நாம பொறுக்கின நம்பரை மட்டும் காட்டும். யாரையும் பொறுக்கலைன்னா, ஆப்புக்குத் தெரியுறது வெத்து லிஸ்ட். என் வாட்ஸ்அப்புக்கு 41 பேரைத் தெரியும். அம்மாவைத் தெரியாது!

கொஞ்சம் கசப்பும் உண்டு

எல்லாம் சூப்பர்னு சொன்னா நான் பொய்யன். யூபிஐ போட்டப்போ, சிம்மைச் சரிபார்க்கிற எஸ்எம்எஸ் போகவே இல்லை. ரெண்டாவது ப்ரொஃபைலுக்கு போன், எஸ்எம்எஸ் அனுமதியைத் தனியா ஆன் பண்ணணும்னு கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆச்சு. அதுவரைக்கும் கேன்டீன்ல என் டீக்குக் காசு குடுத்தது ஃப்ரெண்ட்ஸ்தான். ஒரு பேங்க் ஆப் இன்னிக்கு வரைக்கும் திறக்க மாட்டேங்குது. ‘உங்கள் கருவி பாதுகாப்பானது அல்ல’ன்னு சொல்லுது. வீட்டுக்கு மூணு பூட்டு போட்டவனைப் பார்த்து, ‘உன் வீடு சரியில்லை’ன்னு சொல்ற மாதிரி! கூகுள் சான்று குடுத்த இயங்குதளமான்னு சில ஆப் பார்க்குது. இல்லைன்னா கதவைச் சாத்திடுது. அந்த பேங்க் வேலைக்கு மட்டும் பழைய போன்தான்.

இன்னொண்ணு, சிம் போட்டாச்சுன்னா நீங்க எந்த டவர் பக்கத்துல இருக்கீங்கன்னு நெட்வொர்க் கம்பெனிக்குத் தெரியும். அதை எந்த இயங்குதளமும் மறைக்க முடியாது.

கோட்டை கட்டியும்...

ஒரு மாசம் கழிச்சு, இந்தப் போனை ரூம்மேட்கிட்ட பெருமையா காட்டிக்கிட்டிருந்தேன். அமைதியா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“மச்சி, இந்தப் போன் அன்னிக்கே உன்கிட்ட இருந்திருந்தா, உங்க அம்மா தப்பிச்சிருப்பாங்களா?”

பொளேர்னு அடிச்ச மாதிரி இருந்தது. தப்பிச்சிருக்க மாட்டாங்க! அம்மா நம்பர் போனது என் போன்லேருந்து இல்லையே, அவன் போன்லேருந்து. நான் எவ்வளவு பெரிய கோட்டை கட்டினாலும், என் அம்மா நம்பர் ஊர்ல எத்தனை பேர் போன்ல இருக்கோ, அத்தனை போனும் சரியா இருக்கணும். டெங்கு மாதிரிதான் பாஸ். என் ரூமைச் சுத்தமா வெச்சுக்கிட்டாலும், பக்கத்து ரூம் பக்கெட்ல தண்ணி தேங்கினா கொசு எனக்கும் கடிக்கும்.

‘எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லை, பார்த்தா பார்த்துட்டுப் போறான்’னு சொல்றவங்களுக்கு எங்கிட்ட இருக்கிற பதில் இதுதான். உங்ககிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்லாம இருக்கலாம். ஆனா உங்க போன்ல இருக்கிற நம்பர் எல்லாம் உங்களோடது இல்லையே! அவங்க உங்களை நம்பிக் குடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரல்ல தீர்ப்பு சொன்னாங்க. அந்த உரிமை பட்டன் போன் வெச்சிருக்கிற என் அம்மாவுக்கும் உண்டு. ஆனா அதைக் காப்பாத்துற ‘அலவ்’ பட்டன் இருக்கிறது என்னவோ உங்க கையில, என் கையில.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் மொட்டை மாடியில 14 பேர் உட்கார்ந்தோம். யாரும் புதுப் போன் வாங்கலை. கையில இருந்த போனையே துவைச்சுக் காயப்போட்டோம். நீங்களும் செய்யலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது:

* செட்டிங்ஸ்ல பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து முதல்ல காண்டாக்ட்ஸ், அடுத்து லொகேஷன், மைக், எஸ்எம்எஸ் பாருங்க. ‘இதுக்கு எதுக்கு இது?’ன்னு தோணினா, தயவு தாட்சண்யம் இல்லாம பிடுங்கிடுங்க.

* ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ல வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அனுமதி இருந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. என் ரூம்மேட் மாட்டினது இந்த ஓட்டையிலதான்.

* கூகுள் செட்டிங்ஸ்ல விளம்பர ஐடியை டெலிட் பண்ணுங்க. லொகேஷன் வரலாற்றை நிறுத்துங்க.

* கீபோர்டு, மேப், வீடியோ பிளேயர்... இதுல ஏதாவது ஒண்ணை மட்டும் இந்த வாரம் ஓப்பன் சோர்ஸுக்கு மாத்திப் பாருங்க. பிடிச்சா அடுத்தது.

* பணத்துக்கு நெருக்கடின்னா ஆப்பைத் தேடாதீங்க. கடன் குடுக்கிற ஆப் உங்க காண்டாக்ட்ஸையோ கேலரியையோ தொடவே கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லயே சொல்லியாச்சு. 2023 மே 31-லேருந்து பிளே ஸ்டோரும் தடை போட்டிருக்கு. அப்படியும் ஒரு ஆப் கேட்குதுன்னா அது கடன்காரன் இல்லை, களவாணி. மாட்டிக்கிட்டா அழாம 1930-க்கு போன் பண்ணுங்க. ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீங்க.

என் ரூம்மேட்டும் 1930-க்குத்தான் பண்ணினான். புகார் குடுத்தோம். கொஞ்ச நாள்ல போன் வர்றது குறைஞ்சு நின்னுச்சு. அதைவிடப் பெரிய வேலை, அவன் அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னது. நாங்க நாலு பேர் சுத்தி உட்கார்ந்து தைரியம் குடுத்த பிறகுதான் நம்பரையே அமுக்கினான். அவர் திட்டவே இல்லை. “என்கிட்ட கேட்டிருக்கலாமேடா...”ன்னு மட்டும் சொன்னார். அவன் அழுதது அப்பதான்.

எங்க அம்மா மூணாவது நாள் போனை அரிசிப் பானையிலேருந்து எடுத்துட்டாங்க. இப்பவும் தெரியாத நம்பர்னா எடுக்கிறதில்லை. அவனைப் பத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் விசாரிப்பாங்க: “அந்தத் தம்பி ஒழுங்கா சாப்பிடுதாய்யா?”

சரி பாஸ், இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு உங்க போனை எடுங்க. காண்டாக்ட்ஸ் அனுமதி வாங்கின ஆப் எத்தனைன்னு எண்ணி எனக்கு எழுதுங்க. என் 23-ஐ யாராவது தாண்டியிருந்தா, சொந்தக் காசுல டீ, பஜ்ஜி வாங்கித் தர்றேன். யூபிஐ இப்போ வேலை செய்யுது!